தலைமுடி கொட்டுகிறதா? சோற்றுத் தட்டைப் பாருங்கள்!

குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. தாய் காலையில் எழுந்து தலை வாருகிறாள். சீப்பை எடுத்துப் பார்க்கிறாள். சீப்பு நிறைய முடி!

தலையணையில் முடி. குளிக்கும் அறையில் முடி. குழந்தையின் பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டிருப்பதும் அம்மாவின் முடிதான்.

அவள் பயந்து போகிறாள். மாமியாரிடம் ஓடுகிறாள்.

"அத்தை, இப்படியே கொட்டினால் தலை மொட்டையாகிவிடும் போல இருக்கிறதே!"

"எண்ணெய் வைத்தால்தானே? தலையைக் காயப் போட்டால் கொட்டத்தான் செய்யும்" என்கிறாள் மாமியார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்க்கிறாள். "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது அல்லவா? அதுதான் தாய்க்கு முடி கொட்டுகிறது" என்கிறாள்.

மாலையில் கணவன் வருகிறான். கையில் ஒரு மூலிகை எண்ணெய்ப் பாட்டில். "7 நாளில் முடி வளரும்" என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. கொடுத்த விலை 500 ரூபாய்.

இந்தக் காட்சி நம் ஊரில் பல வீடுகளில் நடக்கிறது. மூன்று பேரும் அவளுடைய நன்மைக்காகத்தான் சொன்னார்கள். ஆனால் அவள் அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை!

தென்னை மரம் போல...

தென்னை மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பழுத்த மட்டை கீழே விழும். உச்சியில் புதுக் குருத்து வந்துகொண்டே இருக்கும். மட்டை விழுந்தது என்று யாரும் அழுவதில்லை. தலைமுடியும் அப்படித்தான்.

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி வேர். ஒரு முடி 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும். அந்தக் காலத்தில் மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் நீளும். பிறகு வளர்ச்சி நின்றுவிடும். சுமார் 3 மாதம் சும்மா இருக்கும். கடைசியில் உதிர்ந்துவிடும். அதே குழியிலிருந்து புது முடி கிளம்பும்.

எந்த நேரத்திலும் 100 முடியில் 10 முடி இந்த ஓய்வில்தான் இருக்கும். அதாவது 1 லட்சத்தில் 10 ஆயிரம். அந்த 10 ஆயிரமும் 3 மாதத்தில் உதிர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்குச் சுமார் 100 முடி ஆகிறது!

ஆகவே தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது நோய் அல்ல. இரண்டு நாளைக்கு ஒருமுறை தலை வாருகிறவர்களுக்குச் சீப்பில் இரட்டிப்பாகத் தெரியும். அதற்கும் பயப்பட வேண்டாம்.

சிலருக்கு முடி இடுப்பு வரை தொங்குகிறது. சிலருக்குத் தோளைத் தாண்டுவதில்லை. ஏன்? வளரும் காலம் ஒருவருக்கு 6 ஆண்டு, இன்னொருவருக்கு 2 ஆண்டு. இது பெற்றோர் வழியாக வருவது. புருவ முடியைப் பாருங்கள். அதற்கு வளரும் காலம் சில மாதங்கள்தான். அதனால்தான் புருவம் நீண்டு கண்ணை மறைப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் நடந்தது

இப்போது அந்தத் தாயின் கதைக்கு வருவோம்.

கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடம்பில் சில ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கின்றன. அவை முடியை உதிர விடாமல் பிடித்து வைக்கின்றன. கர்ப்பிணியின் கூந்தல் அடர்த்தியாகத் தெரிவது இதனால்தான். குழந்தை பிறந்ததும் அந்த ஹார்மோன்கள் குறைந்துவிடுகின்றன. பிடித்து வைத்திருந்த முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன. ஓய்வுக் காலம் எவ்வளவு? சுமார் 3 மாதம். அது முடிந்ததும் கொத்துக் கொத்தாக உதிர்கின்றன.

குழந்தை தாயின் முகத்தைப் பார்த்து நன்றாகச் சிரிப்பதும் அந்த மாதங்களில்தான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்ன காலம் சரி. காரணம்தான் தவறு. பாவம், குழந்தையின் சிரிப்பு ஒன்றும் செய்யவில்லை!

பிரசவத்துக்கு மட்டும் அல்ல. டைபாய்டு, டெங்கு போன்ற கடும் காய்ச்சல், பெரிய ஆபரேஷன், வீட்டில் ஒரு சாவு, பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைப்பது - இவை எல்லாவற்றுக்கும் பிறகு 2, 3 மாதம் கழித்து முடி கொட்டும். 2020, 2021-ம் ஆண்டுகளில் கொரோனா வந்து பிழைத்தவர்கள் பலர், "காய்ச்சல் போய்விட்டது, இப்போது முடி போகிறது" என்று டாக்டர்களிடம் வந்தார்கள். அதுவும் இந்த வகைதான்.

ஆகவே இன்று முடி கொட்டினால், நேற்று மாற்றிய சோப்பின் மேல் பழி போட வேண்டாம். மூன்று மாதத்துக்கு முன்பு உடம்புக்கு என்ன வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த வகையில் கொட்டிய முடி திரும்ப வளரும். வேர் சாகவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குள் கூந்தல் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் ஒன்று. உடம்பில் சத்து இருந்தால்தான் அது நடக்கும்.

ரத்தம் இருக்கிறதா?

வீட்டில் பணமுடை வந்தால் என்ன செய்கிறோம்? முதலில் பூ வாங்குவதை நிறுத்துகிறோம். அரிசி வாங்குவதை நிறுத்துவதில்லை. உடம்பும் அதே கணக்குத்தான் போடுகிறது. சத்துக் குறைந்தால் இருதயத்துக்கும் மூளைக்கும் கொடுப்பதை நிறுத்தாது. முடிக்குக் கொடுப்பதைக் குறைத்துவிடும். முடி இல்லாமல் மனிதன் உயிர் வாழலாம் அல்லவா?

நம் பெண்களுக்கு மிகவும் குறைவாக இருப்பது இரும்புச் சத்து. இரும்பு இல்லாவிட்டால் ரத்தம் ஊறாது. அதற்குத்தான் ரத்தசோகை என்று பெயர். 2019 முதல் 2021 வரை மத்திய அரசு நடத்திய தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. தமிழ்நாட்டில் 100-க்கு 53 பேர். இரண்டு பெண்கள் இருக்கும் வீட்டில் ஒருத்திக்கு என்று வைத்துக்கொள்ளலாம்!

பிரசவத்தில் ரத்தம் போகிறது. அதற்கு முன் 9 மாதம் குழந்தை தாயின் இரும்பை எடுத்துக்கொள்கிறது. இந்த நிலையில்தான் பல பெண்கள் ஒரு பெரிய தவறு செய்கிறார்கள். கர்ப்பமாக இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிவப்பு நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். குழந்தை பிறந்ததும், "இனி எதற்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். மீதி மாத்திரை அலமாரியில் கிடக்கிறது.

பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டம். மாத்திரை இலவசம். கிராம சுகாதார நர்சிடம் கேட்டால் தருவார். மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. காபி, டீ, பால் ஆகியவற்றோடு அதை விழுங்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. ஒன்று காலையில் என்றால் மற்றது வேறு வேளையில்.

ரத்தசோகை இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கும். நகம் வெளுத்திருக்கும். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். சிலர் யாருக்கும் தெரியாமல் பச்சரிசி, சாம்பல், பல்பம், மண் என்று தின்பார்கள். "கெட்ட பழக்கம்" என்று வீட்டில் திட்டுவார்கள். உண்மையில் அது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். ரத்தம் சோதித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் பெண்களுக்கு ரத்தசோகை என்று அர்த்தம்.

இது கூந்தல் அழகைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல. ரத்தம் குறைந்த பெண் அடுத்த பிரசவத்தில் உயிருக்கே போராட நேரிடும். முடி கொட்டியதால் டாக்டரிடம் போய், ரத்தசோகை தெரிந்து, சரியானவர்கள் உண்டு. அந்த வகையில் கொட்டிய முடி நல்லதே செய்தது!

பத்தியச் சோறு

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் நம் வீடுகளில் நடப்பது என்ன? கீரை கூடாது, குழந்தைக்கு வயிறு போகும். பழம் கூடாது, சளி பிடிக்கும். பருப்பு கூடாது, வாயு. முட்டை கூடாது, சூடு. மிச்சம் என்ன? ரசம் சோறு, சுட்ட அப்பளம்!

பழைய பத்தியத்தில் எல்லாமே தவறு என்று சொல்ல முடியாது. கடற்கரை ஊர்களில் பால்சுறாப் புட்டு கொடுப்பார்கள். பூண்டுக் குழம்பு, கருவாடு கொடுப்பார்கள். அவை நல்ல உணவு. ஆனால் இன்று பல வீடுகளில் சுறாவும் கருவாடும் போய்விட்டன. "கூடாது" என்ற பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

முடி எதனால் ஆனது? புரதத்தால் ஆனது. புரதம் சாப்பிடாமல் முடி வளராது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் இன்னும் 17 கிராம் வேண்டும். மொத்தம் 63 கிராம்.

300 கிராம் அரிசியைச் சமைத்து ஒருத்தி முழுவதும் சாப்பிட்டால்கூடச் சுமார் 24 கிராம்தான் கிடைக்கும். ரசத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மீதியை எங்கே தேடுவது? 50 கிராம் துவரம்பருப்பில் 11 கிராம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 9 கிராம். கூட்டிப் பாருங்கள், 63 வந்துவிடும். இவை எல்லாம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும் சாமான்கள். ஒரு வாரத்துக்கு வாங்கினாலும் அந்த 500 ரூபாய் எண்ணெய்ப் பாட்டிலைவிடச் செலவு குறைவு.

முட்டையை வேகவைத்தே சாப்பிட வேண்டும். பச்சை வெள்ளைக் கருவில் உள்ள ஒரு பொருள், முடிக்கு வேண்டிய பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும். வெந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இரும்புக்கு ஆட்டு ஈரல், ஆட்டு ரத்தப் பொரியல், மீன், இறைச்சி ஆகியவை சிறந்தவை. இவற்றில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முருங்கைக்கீரை, அரைக்கீரை, கொள்ளு, எள், கம்பு இருக்கின்றன. ஆனால் இவற்றில் உள்ள இரும்பு கொஞ்சம்தான் உடம்பில் சேரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. புளிப்பான பழத்தைக் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீரையின் மேல் அரை எலுமிச்சம்பழம் பிழியலாம். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயைக் கடிக்கலாம். கொய்யாப்பழம் தின்னலாம். இவற்றில் உள்ள வைட்டமின் சி, இரும்பை உடம்புக்குள் இழுத்துச் செல்கிறது.

காபி, டீ இதற்கு நேர் எதிரி. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு வீணாகிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். டீயை விட வேண்டியதில்லை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டி காலத்து இரும்புச் சட்டியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். அதில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு வைத்தால் கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்குகிறது. சமைத்து முடித்ததும் வேறு பாத்திரத்தில் மாற்றிவிட வேண்டும்.

கேழ்வரகு? நல்ல தானியம். ஆனால் அதன் பெருமை சுண்ணாம்புச் சத்தில். கறிவேப்பிலையை ஒதுக்கி வைக்காமல் தின்றால் நல்லது. அதற்காக அதை மட்டுமே அரைத்துக் குடித்து, பருப்பையும் முட்டையையும் விட்டுவிட்டால் பயன் இல்லை.

பள்ளிக்கூடம் போகும் பெண்களை மறந்துவிடக் கூடாது. மாதவிலக்கு தொடங்கிய வயதில் அவர்களுக்கும் இரும்பு குறைகிறது. அவர்களுக்குப் பள்ளியில் வாரம் ஒரு நீல நிற மாத்திரை கொடுக்கிறார்கள். பல பெண்கள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் அது வேறு ரத்தத்தை உறிஞ்சும். அதற்காகத்தான் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்துப் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள்.

முடி, உணவின் நாட்குறிப்பு மாதிரி. இதை ஆப்பிரிக்காவில் வேலை செய்த டாக்டர்கள் நன்றாகக் கண்டிருக்கிறார்கள். இன்றைய கானா நாட்டில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி, புரதம் போதாமல் குழந்தைகளுக்கு வரும் 'குவாஷியோர்கர்' நோயின் பெயரை 1935-ல் உலகுக்குத் தெரிவித்தார். இந்த நோய் வந்த குழந்தையின் முடி செம்பட்டையாகும். நல்ல உணவு கொடுத்தால் கறுப்பாக முளைக்கும். மறுபடி உணவு குறைந்தால் மறுபடி செம்பட்டை. ஒரே முடியில் கறுப்பும் செம்பட்டையும் கொடியில் உள்ள பட்டைகள் போல மாறி மாறித் தெரியும்!

எண்ணெய் என்ன செய்யும்?

அப்படியானால் எண்ணெய் வேண்டாமா? வேண்டும். ஆனால் அது செய்யும் வேலை வேறு.

முடியின் வேருக்குச் சாப்பாடு ரத்தத்தின் வழியாக வருகிறது. மேலே தடவும் எண்ணெய் வழியாக வருவதில்லை. வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. உயிர் இருந்தால் வெட்டும்போது வலிக்காதா? உயிர் இல்லாத அந்த இழையை உடையாமல், சிக்காகாமல் பார்த்துக்கொள்வதுதான் எண்ணெயின் வேலை.

அந்த வேலைக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. 2003-ல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தார்கள். தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் உள்ளே இறங்கி, தலை அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைத்தது. ஆய்வு நடத்தியது எண்ணெய் விற்கும் கம்பெனி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கும் என்பது பிறகும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவினால் போதும். பரபரவென்று அழுத்தித் தேய்த்தால் முடி அறுந்துபோகும். பொடுகு இருக்கிறவர்கள் இரவு முழுவதும் எண்ணெயை ஊறவிடக் கூடாது. பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிருக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு.

"7 நாளில் முடி வளரும்" என்ற பாட்டிலுக்கு வருவோம். 7 நாளில் எந்தத் தலையிலும் முடி வளரத்தான் செய்யும். சுமார் இரண்டரை மில்லிமீட்டர்! எண்ணெய் தடவினாலும் தடவாவிட்டாலும் அவ்வளவுதான்.

சீயக்காய், அரப்பு இரண்டும் அழுக்கை எடுக்கும். வடித்த கஞ்சியில் கலந்து தேய்க்கும் பழக்கம் நல்லதுதான். கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷாம்பு போடுகிறவர்கள் மண்டைத் தோலில் தேய்த்தால் போதும். நுனி வரை போட்டுக் கசக்க வேண்டியதில்லை.

ஈரத் தலையில் செய்யும் தவறுகள்தான் அதிகம். நனைந்த முடி ரப்பர் போல நீண்டு அறுந்துவிடும். அப்போது பல் நெருக்கமான சீப்பைப் போட்டு இழுக்கிறார்கள். துண்டால் படபடவென்று அடித்து ஈரத்தை உதறுகிறார்கள். துண்டில் ஒற்றி எடுத்து, காற்றில் ஆறவிட்டு, பல் அகலமான சீப்பால் சிக்கு எடுக்க வேண்டும். நுனியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கு எல்லாம் கீழே ஒன்றாகச் சேர்ந்து முடிச்சாகும்.

இழுத்துக் கட்டினால்...

பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை. சடை கலையக் கூடாது என்று தாய் இழுத்து இழுத்துப் பின்னுகிறாள். பெண்ணின் கண் மேலே போகிறது! இப்படியே ஆண்டுக்கணக்கில் பின்னினால் நெற்றியோரமும் காதோரமும் முடி போய்விடும். வேரே பாழாகிவிட்டால் பிறகு வளராது.

இதை முதலில் எழுதி வைத்தது எந்த ஊரில் தெரியுமா? பனி மூடிய கிரீன்லாந்தில்! அந்த நாட்டுப் பெண்கள் உச்சியில் முடியை இறுக்கிக் கட்டுவார்கள். நெற்றியோரம் அவர்களுக்கு முடி போயிருந்ததை ஒரு டாக்டர் 1907-ல் குறித்து வைத்தார். கனமான சவுரி வைத்துப் பின்னுகிறவர்களுக்கும் இதே கதிதான். சடை பின்னிய பிறகு தலை வலித்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். உடனே தளர்த்திவிடுங்கள்.

மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பார்கள். பழனிக்கும் திருப்பதிக்கும் வேண்டிக்கொண்டு மொட்டை போடுவது வேறு விஷயம். அது நேர்த்திக்கடன். முடி அடர்த்திக்காக என்றால் பயன் இல்லை. 1928-ல் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, சிலருடைய முகத்தைச் சவரம் செய்ய வைத்து, முளைத்த முடியை அளந்து பார்த்தார். கனமும் கூடவில்லை, வேகமும் கூடவில்லை. வெட்டிய முடியின் நுனி மழுங்கியிருக்கும். அதனால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. கத்தி அங்கே போகவே இல்லை!

பேன் தொல்லைக்குப் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தலையில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விஷம் தோல் வழியாக உடம்புக்குள் போகும். உயிருக்கே ஆபத்து. பேன் சீப்பும் மருந்துக் கடையில் விற்கும் பேன் மருந்தும் போதும்.

டாக்டரிடம் யார் போக வேண்டும்?

ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக ஓரிடத்தில் மட்டும் முடி போனால் அதைப் புழுவெட்டு என்பார்கள். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் காவல் சக்தியே தவறாக முடி வேரைத் தாக்குவதால் வருவது அது. தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். குழந்தையின் தலையில் வட்டமாக முடி போய்ச் செதில் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும். களிம்பு மட்டும் போதாது.

முடி கொட்டுவதோடு உடம்பு பெருத்து, எப்போதும் அசதி, மாதவிலக்கில் கோளாறு இருந்தால் தைராய்டு சோதனை செய்துகொள்வது நல்லது.

ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி தெரிவதும் பெரும்பாலும் பரம்பரை. தாய் வழியிலும் வரும், தந்தை வழியிலும் வரும். இதற்குக் கீரையும் முட்டையும் மட்டும் போதாது. மினாக்சிடில் என்ற மருந்து இருக்கிறது. அதன் கதை வேடிக்கையானது! அது முதலில் ரத்தக்கொதிப்புக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்தது. பிறகு தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. நிறுத்தினால் வளர்ந்த முடி போய்விடும். டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இதைத் தொடவே வேண்டாம்.

"முடி மாத்திரை" என்று வைட்டமின் மாத்திரைகள் விற்கிறார்கள். சத்துக் குறையாதவர்களுக்கு அவை வேண்டியதில்லை. வைட்டமின் ஏ மாத்திரை அளவுக்கு மேல் போனால் அதனாலேயே முடி கொட்டும்! பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் சோதிக்கப் போனால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தைராய்டு சோதனை போன்றவற்றில் தவறான கணக்குக் காட்டிவிடும்.

அந்தத் தாய் இப்போது என்ன செய்ய வேண்டும்? அலமாரியில் கிடக்கும் சிவப்பு மாத்திரையை நர்சிடம் காட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். ரத்தம் சோதித்துக்கொள்ளலாம். மாமியார் தட்டில் பருப்பும் கீரையும் ஒரு முட்டையும் சேர்த்துப் போடலாம். தாய் கீரை தின்றால் குழந்தைக்குத் தீங்கு வராது.

சில மாதம் கழித்து நெற்றியோரம் குட்டை முடிகள் குத்திட்டு நிற்கும். எண்ணெய் வைத்து வாரினாலும் படியாது. "முடி உடைந்துவிட்டது" என்று நினைத்து அவற்றைக் கத்தரித்துவிடுகிறவர்கள் உண்டு. கத்தரிக்க வேண்டாம். அவை உடைந்த முடி அல்ல, புதிதாக முளைத்தவை. மாதம் 1 சென்டிமீட்டர் கணக்கில் அவை காது வரை வர ஓர் ஆண்டு, தோளுக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.